உள்ளதை உள்ளபடி உரைக்கும் வேதபோதகர்

(மறைக்கல்விப் பாடக் கட்டுரை – பத்தாம் வகுப்பு)

வேதபோதகர் என்றவுடன், பீடத்தருகே நின்று மறையுரை ஆற்றும் குருவானவரே நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் ஞாயிறு காலையில் சிறு பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சிலுவை அடையாளம் போடக் கற்றுத்தரும் அக்காவும் வேதபோதகர்தான். சுவாமியார் எப்போதாவது வரக்கூடிய சிற்றூரில், மாலை வேளையில் மணியடித்துச் செபமாலை சொல்ல வைக்கும் உபதேசியாரும் வேதபோதகர்தான். இன்னும் சொல்லப்போனால், மதிய உணவு வேளையில் நம் பக்கத்தில் உட்காரும் இந்துத் தோழியோ முஸ்லிம் தோழியோ, "உங்கள் கோயிலில் நற்கருணை கொடுக்கிறார்களே, அது என்ன?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல வாய் திறக்கிற ஒவ்வொருத்தியும் அந்த நிமிடத்தில் வேதபோதகி ஆகிவிடுகிறாள்.

ஆகவே வேதபோதகரிடம் இருக்க வேண்டிய முதற்குணம் எது என்னும் கேள்வி குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. பேச்சுத்திறனா? நினைவாற்றலா? இனிய குரலா? இவையெல்லாம் வேண்டும்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக நிற்பது கபடமின்மை என்பதே இக்கட்டுரையில் நாம் காண இருப்பது.

இரண்டு பாதிகள்

கபடமின்மைக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று வெளிப்படை: நான் யார், எதற்காக வந்தேன், என்ன சொல்லப் போகிறேன் என்பதை மறைக்காமல் இருப்பது. மற்றொன்று உண்மை: வாய் சொல்வதை வாழ்வும் சொல்வது. முதற்பாதி இருந்து இரண்டாம் பாதி இல்லாவிட்டால் அவர் அறிவிப்புப் பலகை போன்றவர். ஊர்ப்பெயரைச் சரியாகக் காட்டுவார். தாம் மட்டும் அவ்வூருக்குப் போகமாட்டார். இரண்டாம் பாதி இருந்து முதற்பாதி இல்லாவிட்டால், நல்லவராக இருந்தும் பிறருடைய சந்தேகத்துக்கு ஆளாவார்.

நம் ஆண்டவரிடம் இரண்டும் நிறைவாக இருந்தன. தம்மைப் பின்செல்ல விரும்பி வந்த ஒருவரிடம், தமக்குத் தலை சாய்க்கவும் இடமில்லை என்பதை அவர் முன்கூட்டியே தெரிவித்தார். ஆள் சேர்க்க விரும்புகிறவர் யாராவது அப்படிச் சொல்வாரா? நற்கருணையைப் பற்றி அவர் போதித்தபோது, கேட்டவர்களில் பலர் இது கடினமான பேச்சு என்று விலகிப் போனார்கள். அவர்களைத் தக்கவைத்துக்கொள்ளத் தம் போதனையை அவர் சுருக்கவில்லை. பன்னிருவரையும் பார்த்து, நீங்களும் போக விரும்புகிறீர்களா என்றே கேட்டார். தலைமைக் குருவின் முன் நிறுத்தப்பட்டபோது, தாம் மறைவில் எதுவும் போதித்ததில்லை என்று அவரால் துணிந்து சொல்ல முடிந்தது.

நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைக்கும் பவுலடியாரும் அப்படியே. முகத்துதி பேசியோ பொருளாசையை மறைத்துக்கொண்டோ தாம் வரவில்லை என்று தெசலோனிக்க மக்களுக்கு அவரால் நினைவூட்ட முடிந்தது. எவருக்கும் பாரமாக இராதபடி அவர் தம் கையால் உழைத்துப் பிழைத்ததை அம்மக்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள்.

மதுரையில் ஒரு சோதனை

இந்தக் குணம் நம் தமிழ்நாட்டில் எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதற்கு, 400 ஆண்டுகளுக்கு முன் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி சுவாமியின் வரலாறே தக்க பாடம்.

நொபிலி 1577-ல் இத்தாலி நாட்டில் உயர்குடியில் பிறந்தவர். சேசு சபைக் குருவாகி 1605-ல் கோவாவுக்கு வந்து, 1606-ல் மதுரையை அடைந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் மூத்த குரு ஏற்கெனவே பல ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருந்தார். ஆனால் மதுரை மக்களிடையே கிறிஸ்தவம் வேர்கொள்ளவில்லை. அக்காலத்தில் போர்த்துக்கீசியரைப் பரங்கியர் என்பார்கள். அவர்களுடைய ஊனும் குடியும் நம்மவர்க்கு அருவருப்பாக இருந்தன. கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்றே ஊரார் எண்ணினர்.

நொபிலி இதைக் கண்டு தம் வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டார். காவி உடுத்தினார், பாதக்குறடு அணிந்தார், புலாலை விட்டுச் சோறும் காய்கறியும் ஒரு வேளை மட்டும் உண்டார். தமிழையும் தெலுங்கையும் கற்றார். சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் சமஸ்கிருதமும் படித்தார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தனர். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம் முதலிய உரைநடை நூல்களைத் தமிழில் எழுதினார்.

"இது வேடமல்லவா?" என்ற கேள்வி அன்றே எழுந்தது. கேட்டவர்கள் வேற்று மதத்தார் மட்டுமல்லர். உடனிருந்த பெர்னாந்தஸ் சுவாமியே 1610-ல் மேலிடத்துக்கு முறையிட்டார். காவியும் பூணூலும் குடுமியும் கிறிஸ்தவக் குருவுக்குத் தகுமா, இது மக்களை ஏமாற்றுவது ஆகாதா என்ற விவாதம் கோவா வரைக்கும் போயிற்று. 1619-ல் அங்கே கூடிய சபையில் பேராயரே நொபிலியை எதிர்த்து நின்றார். பின்னர் ரோமாபுரிக்கும் போயிற்று. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மூடவழக்கத்துக்கு இடமில்லாதபடி அவ்வடையாளங்களை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார்.

வேடமா, வாழ்வா?

தீர்ப்பு வந்துவிட்டது என்பதனால் நாம் சிந்திப்பதை நிறுத்திவிடக் கூடாது. வேடம் என்பது என்ன? உள்ளே ஒன்றாகவும் வெளியே வேறொன்றாகவும் இருப்பது; வேலை முடிந்ததும் களைந்துவிடக்கூடியது. நொபிலி உடுத்த காவி அப்படிப்பட்டதன்று. யாரும் காணாத அறைக்குள்ளும் அவர் உண்டது அதே ஒரு வேளைச் சோறுதான். 1656-ல் மயிலாப்பூரில் கண்பார்வை மங்கிய முதியவராக இறக்கும் வரைக்கும் அத்தவ வாழ்வை அவர் விடவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் ஒருவர் தரித்திருப்பதை வேடம் என்று சொல்ல முடியுமா?

மேலும், தாம் செய்வதை அவர் தம் மேலதிகாரிகளிடம் மறைக்கவில்லை. செய்தது இன்னது, காரணம் இன்னது என்று நீண்ட விளக்கங்களை இலத்தீனில் எழுதி அனுப்பினார். தம்மைக் குற்றம் சாட்டியவர்களின் முகத்துக்கு எதிரே நின்று மறுமொழி கூறினார். தாம் பரங்கி அல்லர் என்றும், ரோமாபுரியைச் சேர்ந்தவர் என்றும் ஓலையில் எழுதித் தம் வீட்டு வாசலில் வைத்தார். ஒளிந்து வாழ விரும்புகிறவர் வாசலில் ஓலை வைப்பாரா?

ஆயினும் எதிர்த்தவர்களின் வாதத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்வதுதான் இக்கட்டுரையின் பொருளுக்குப் பொருத்தம். மறைந்துபோன வேதம் ஒன்று உண்டு என்னும் பேச்சு அக்காலத்து அந்தணரிடையே இருந்தது. அந்த மறைந்த வேதத்தைக் கற்பிக்கவே தாம் வந்ததாக நொபிலி சொன்னார். இது உவமையா, உண்மையா? கேட்டவர்கள் எல்லாரும் அதை உவமையாகவே எடுத்துக்கொண்டார்களா? இவ்விடத்தில் நமக்கும் சற்றுத் தயக்கம் உண்டாகிறது. அவருடைய நூல்கள் கிறிஸ்தவப் போதனையைத் தெளிவாகவே சொல்கின்றன. ஆகவே ஞானஸ்நானம் பெற்றவர் எதைப் பெறுகிறோம் என்று அறிந்தே பெற்றிருப்பார். எனினும், விளக்கம் சொல்லித் தப்பிக்கவேண்டிய வார்த்தையைவிட, விளக்கமே தேவைப்படாத வார்த்தை மேலானது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. உயர்குலத்தாரை அணுகும்பொருட்டு, அவர் தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழகாமல் விலகி நின்றார். அக்காலச் சூழலில் வேறு வழி தெரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் குருவானவர் விட்டுவைத்த சாதியைச் சபையும் விட்டுவைத்தது. நம் பாளையங்கோட்டைக்குத் தெற்கேயுள்ள வடக்கன்குளத்தில், 1870-களில் கட்டப்பட்ட கோயிலில் இரண்டு பிரிவினர் தனித்தனியே அமரும்படி இரு கைகளாக இடம் பிரித்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது; அதற்கும் பெரும் எதிர்ப்பும் வழக்கும் உண்டாயின. வியப்பு என்னவென்றால், அதே வடக்கன்குளத்தில்தான் 1745-ல் புனித தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். உயர்குடியில் பிறந்தும் அவர் எல்லாச் சாதியாரோடும் ஒன்றாகப் பழகினார். தம் விசுவாசத்தை மறைக்க மறுத்து 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டில் உயிர் கொடுத்தார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பெரும் பண்டிதரும் குருவுமான ஒருவரால் அன்று செய்ய முடியாததை, குருப்பட்டம் பெறாத ஓர் இல்லறத்தார் செய்து காட்டினார். எல்லாரும் ஒரே தந்தையின் மக்கள் என்று சொன்ன வாய்க்கு அவருடைய வாழ்வே சாட்சியாயிற்று.

பொய் வேதம் தந்த பாடம்

போதனையில் தந்திரம் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. 1760-ல் பிரான்சு நாட்டு அறிஞர் வால்டேரிடம் 'ஏசுர்வேதம்' என்னும் கையெழுத்து நூல் ஒன்று போய்ச் சேர்ந்தது. அது இந்தியாவின் மிகப் பழைய நூல் ஒன்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு என்று நம்பி, அவர் அதை அரச நூலகத்துக்கு அளித்தார். 1778-ல் அது அச்சிலும் வந்தது. ஐரோப்பா முழுவதும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

உண்மையில் அது பழைய வேதமே அன்று. இரண்டு முனிவர்கள் உரையாடுவதுபோல் அமைத்து, பல தெய்வ வழிபாட்டை மறுப்பதற்காகக் கிறிஸ்தவக் குருமார் இயற்றிய நூல் அது. திருக்குறளுக்கு உரை எழுதிய எல்லிஸ் துரை இதைக் கண்டறிந்தார். அவர் 1819-ல் இராமநாதபுரத்தில் இறந்த பின், 1822-ல் அவருடைய ஆராய்ச்சி வெளிவந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சொல்லக்கேட்டு, அந்நூலுக்கு மூலகாரணர் நொபிலி என்று எல்லிஸ் எண்ணினார். அதனால் நெடுங்காலம் நொபிலியின் பெயர் ஒரு பொய் நூலோடு சேர்த்துப் பேசப்பட்டது. பிற்கால ஆராய்ச்சி அவரை விடுவித்தது. 1984-ல் லூடோ ரோஷர் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆய்வு, அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குருமாரிடையே தோன்றியது, நொபிலியுடையது அன்று என்று காட்டியது.

அந்நூலை எழுதியவர்கள் உலகை ஏமாற்ற நினைத்தார்களா, அல்லது போதனைக்குப் பயன்படும் ஓர் உரையாடலாகவே எழுதினார்களா என்பது அவர்கள் மனம் அறிந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். செய்யாத குற்றத்துக்கு இறந்துபோன ஒருவர் நூறாண்டுக்கு மேல் பழி சுமந்தார். மெய்யான நூல்களையும் ஐயத்தோடு பார்க்கும் நிலை வந்தது. ஒரு போதகர் கபடமாக நடந்தால் அந்தக் கடனைத் தீர்ப்பவர் அவருக்குப் பின் வரும் போதகர்களே.

நம் பக்கத்து ஊரில் ஒரு துணிவு

நெல்லைச் சீமையில் 1820 முதல் உழைத்த ரேனியஸ் ஐயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஜெர்மானியச் சீர்திருத்த சபையார். பாளையங்கோட்டையில் தங்கிப் பள்ளிகள் பல திறந்தார். அந்நாளிலேயே பெண்பிள்ளைகளின் கல்விக்கும் வழி செய்தார். அவரை அனுப்பியது இங்கிலாந்துத் திருச்சபையின் சங்கம். அச்சபையின் சில முறைமைகளை மனச்சான்றின்படி அவரால் ஏற்க முடியவில்லை. மனத்துக்குள் ஒன்று வைத்துக்கொண்டு வெளியே தலையசைக்காமல், தம் கருத்தை அச்சிட்டே வெளியிட்டார். அதன் பலனாக 1835-ல் சங்கத்தோடு அவருக்கு இருந்த உறவு அறுந்தது. பதவி போயிற்று, 1838-ல் பாளையங்கோட்டையிலேயே உயிர் துறந்தார். அவருடைய கருத்து சரியா என்பதைப் பெரியவர்கள் ஆராயட்டும். மாதச் சம்பளத்துக்காக மனச்சான்றை விற்காத அவருடைய நேர்மை நமக்குப் பாடமாகலாம் அல்லவா?

திருச்சபையின் இன்றைய குரல்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. விசுவாசத்தைப் பரப்புகிறவர்கள் வற்புறுத்தலையும் நேர்மையற்ற தூண்டுதலையும் விலக்க வேண்டும் என்றும், எளியவர்களிடமும் எழுத்தறிவில்லாதவர்களிடமும் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. பசித்தவனுக்குச் சோறு கொடுப்பது அன்பு. அந்தச் சோற்றில் தூண்டிலை ஒளித்து வைப்பது அன்பன்று.

1975 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் நற்செய்திப் பணியைப் பற்றி ஒரு திருமடல் வெளியிட்டார். இக்காலத்தவர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே செவிகொடுக்கிறார்கள் என்பது அதன் புகழ்பெற்ற கருத்து. சொல்வதை நீங்களே நம்புகிறீர்களா, நம்புவதை வாழ்கிறீர்களா என்று இளைஞர் உலகம் போதகர்களைக் கேட்கிறது என்றும் அதில் சுட்டிக்காட்டினார். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அக்கேள்வி பழசாகவில்லை. இன்று அந்த இளைஞர் நாமே. நாளை பதில் சொல்ல வேண்டிய போதகர்களும் நாமே.

நம் ஊர் கற்பிக்கும் இரண்டு பாடங்கள்

குற்றாலத்துப் பேரருவியின் நடுவே, பாறையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பள்ளம் இருப்பதை நாம் அறிவோம். மேலிருந்து பாய்ந்து வரும் தண்ணீர் அதில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கீழே இறங்குகிறது. அப்பள்ளம் இல்லாவிட்டால் சாரல் காலத்தில் அருவியின் கீழ் ஒருவராலும் தலைகொடுத்து நிற்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பொங்குமாங்கடல் தணிப்பது வேகத்தை மட்டுமே; தண்ணீரை அது மாற்றுவதில்லை. மேலே விழுந்த நீர்தான் கீழேயும் விழுகிறது. நல்ல போதகரும் அப்படியே இருக்க வேண்டும். கேட்பவர் தாங்கும்படி மொழியையும் முறையையும் தணித்துக்கொள்ளலாம்; சொல்லவேண்டிய பொருளை மாற்றக் கூடாது. அருவியில் வெள்ளம் பெருகும்போது குளிக்கக் கூடாது என்று தடுப்பவரை நாம் எதிரியாக எண்ணுவதில்லை. கசப்பான உண்மையை அன்போடு சொல்லும் போதகரையும் அப்படி எண்ணலாகாது.

இரண்டாவது பாடம் தென்காசியில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டிய மன்னனின் கல்வெட்டுப் பாடல் ஒன்று அக்கோயிலில் உண்டு. பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால், அதை வந்து நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரை இப்போதே வணங்குகிறேன் என்னும் கருத்தை மன்னன் அதில் சொல்கிறான். தன் பணி குறையற்றது என்று அவன் பெருமை பேசவில்லை. குறை வரலாம் என்று ஒப்புக்கொண்டு, திருத்துபவரைத் தலைவணங்குகிறான். முடிசூடிய மன்னனுக்கே இத்தகைய பணிவு இருக்குமானால், ஆண்டவருடைய ஊழியருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! தம்மைத் திருத்துபவரை நண்பராக ஏற்பவரே உண்மையான போதகர்.

நாம் செய்ய வேண்டுவன

படித்ததைப் பழக்கத்தில் கொண்டுவர, நாம் ஐந்து காரியங்களைக் கைக்கொள்ளலாம்.

1. தோழி கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை; சிஸ்டரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்வோம். கற்பனையாகச் சொல்லும் பதில் அன்றைக்குப் பெருமை தரும். உண்மை தெரியும் நாளில் அதுவே நம்மையும் நம் வேதத்தையும் நாணச் செய்யும்.

2. செபித்தால் தேர்வில் கட்டாயம் முதல் மதிப்பெண் கிடைக்கும், நோய் கட்டாயம் நீங்கும் என்று ஆண்டவர் தராத வாக்குறுதிகளை அவர் பெயரால் தராதிருப்போம். சிலுவையைச் சுமக்கும் பலத்தை அவர் தருவார். அதைச் சொன்னால் போதும்.

3. உதவி செய்தால் உதவியாகவே செய்வோம். காய்ச்சலில் கிடக்கும் தோழிக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொடுப்பது அவள் நம் தோழி என்பதற்காகவே. அதற்குக் கைம்மாறு எதையும் எதிர்பார்க்கலாகாது.

4. நம் சபையின் வரலாற்றில் உள்ள குறைகளை யாராவது எடுத்துச் சொன்னால் சினம் கொள்ளாதிருப்போம். "ஆம், அது நடந்தது, அது தவறு" என்று சொல்லும் திறன் விசுவாசத்துக்குப் பலமே தவிரப் பலவீனமன்று.

5. நாம் பேசுவதற்குச் சமமாகக் கேட்கவும் கற்போம். திங்கள்கிழமை விரதமிருக்கும் தோழியும், ரமலான் நோன்பிருக்கும் தோழியும் தம் பக்தியைப் பற்றிச் சொல்லும்போது பொறுமையாகக் கேட்டால்தான், நாம் சொல்வதும் அவர்கள் காதில் விழும்.

இவையெல்லாம் சிறு காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பெண் வகுப்பறையில் உள்ளதை உள்ளபடி சொல்லப் பழகினால், நாளை தாயாகவோ ஆசிரியையாகவோ கன்னியராகவோ எந்த இடத்தில் நின்றாலும் அவளுடைய வார்த்தைக்கு மதிப்பிருக்கும். நம் இந்துத் தோழியரும் முஸ்லிம் தோழியரும் தங்கள் பெற்றோரிடம், "அந்தப் பிள்ளைகள் நம்மிடம் எதையும் மறைத்துப் பேசமாட்டார்கள்" என்று சொல்லும்படி நாம் வாழ்ந்தால், அதுவே நம் பள்ளி ஆற்றக்கூடிய சிறந்த மறையுரை.

கபடறியாத நெஞ்சையும், உண்மை பேசும் நாவையும், அவ்விரண்டுக்கும் ஏற்ற வாழ்வையும் நமக்குத் தரும்படி, நம் தாயாம் மரியன்னை வழியாக இறைவனை மன்றாடுவோமாக!